பாத்திக்கில் பிறந்த கிராமம், நடைபாதையில் விரிந்த கடை

சென்னையில் சனி, ஞாயிறைக் கழிக்க மால்தான் கதி என்றில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. சென்னைக் கலைக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கியது. படம் விற்றுச் சாப்பிட முடியாத காலம் அது. ஓவியர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். இன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில் 'மதராஸ் கலை இயக்க'த்தின் ஓவியங்களையும், வெளியே மரநிழலில் சிற்பங்களையும் பார்க்கலாம். பெயர்ப்பலகையைப் படிப்பதற்கு முன் படத்தைப் பார்ப்பது நல்லது.

பழைய புத்தகத்துக்குத் திருவல்லிக்கேணி.

ஒரு காலத்தில் அந்தப் பெருமை மூர் மார்க்கெட்டுக்கு இருந்தது. 1985-ல் அது தீயில் போனது. கடைக்காரர்கள் பலர் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பக்கம் பாடநூல், துப்பறியும் நாவல், பைண்டு செய்த வார இதழ்த் தொடர்கதை எல்லாம் ஒரே குவியலில் கிடைக்கும். வார இதழிலிருந்து கிழித்துத் தைத்த தொகுப்பு என்றால் கதையோடு அந்தக் காலத்துப் படங்களும் விளம்பரங்களும் இலவசம். விலை? பேரம்தான். ஆசையை முகத்தில் காட்டினால் கடைக்காரர் இறங்கமாட்டார். வாங்குமுன் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பது அவசியம், துப்பறியும் நாவலென்றால் இன்னும் அவசியம்.