புல்வெட்டும் மெஷின் வாங்கப் போகிறீர்களா? பேட்டரியைத் திருப்பிப் பாருங்கள்

லான் மோவர் விற்கும் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது வோல்ட் கணக்குதான். 20 வோல்ட், 40 வோல்ட், 56 வோல்ட் என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எண் பெரிதாக இருந்தால் மெஷின் நன்றாக இருக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது. வயர் இல்லாத புல்வெட்டியில் விலை கூடிய பாகமும் முதலில் தளர்ந்துபோகும் பாகமும் பேட்டரிதான். மோட்டார் பல வருஷம் உழைக்கும், பிளேடைச் சாணை பிடித்துக்கொள்ளலாம். பேட்டரியோ சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் முன்போல் தாங்காது. ஆகவே மெஷினைப் பார்ப்பதற்கு முன் பேட்டரியைத் தனியாகக் கழற்றித் தரச் சொல்லி, திருப்பிப் பாருங்கள்.

அடிப்பக்கத்தில் ஒட்டிய சீட்டில் பொடி எழுத்தில் வோல்ட், ஆம்பியர் அவர், வாட் அவர் என்ற விவரங்கள் இருக்கும். நமக்கு வேண்டியது வாட் அவர். பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்வது அதுதான். சீட்டில் இல்லாவிட்டால் வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்கிக்கொள்ளலாம். 18 வோல்ட், 4 ஆம்பியர் அவர் என்றால் 72 வாட் அவர். 36 வோல்ட், 2 ஆம்பியர் அவர் என்றாலும் அதே 72தான். வோல்ட் இரட்டிப்பானாலும் புல்லை வெட்டும் நேரம் கூடவில்லை. கூடுதல் வோல்ட்டுக்கும் ஒரு பயன் உண்டு: அதே வேலைக்குக் குறைந்த மின்னோட்டம் போதும் என்பதால் பேட்டரியும் வயரும் அவ்வளவாகச் சூடாவதில்லை. அடர்ந்த புல்லுக்கு 36 வோல்ட் மெஷினைச் சொல்வது அதனால்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஒரு கம்பெனி 18 வோல்ட் என்கிறது, பக்கத்துக் கம்பெனி 20 வோல்ட் என்கிறது. இரண்டிலும் வரிசையாக இணைத்திருப்பது ஐந்து லித்தியம் செல்கள்தான். ஒரு செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், ஐந்துக்கும் சேர்த்து 18. முழுச் சார்ஜில் இருக்கும்போது அதுவே 20ஐத் தாண்டும். ஒருவர் சராசரியைப் போடுகிறார், மற்றவர் உச்சத்தைப் போடுகிறார். 36க்கும் 40க்கும் உள்ள வித்தியாசமும் இதே கதைதான். உச்ச அளவை வைத்துப் பெருக்கினால் வாட் அவர் கொஞ்சம் கூடுதலாக வரும் என்பதால், ஒப்பிடும்போது இரண்டுக்கும் சராசரியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, நம் வீட்டுப் புல்தரைக்கு எத்தனை வாட் அவர் வேண்டும்? டேப் பிடித்து அளந்துவிட்டால் கணக்கு சுலபம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி, ஏறக்குறைய 40 சதுர மீட்டர். 37 செ.மீ. அகலத்துக்கு வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனால், போன வரிசையின் ஓரத்தையும் சேர்த்து வெட்ட வேண்டும் என்பதால் புதிதாகக் கிடைப்பது 30 செ.மீ.தான். மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் நடந்தால் நிமிஷத்துக்கு 50 மீட்டர், அதாவது 15 சதுர மீட்டர். திரும்புவது, செடியைச் சுற்றி வருவது, புல் கூடையைக் கொட்டுவது எல்லாம் போக 8 சதுர மீட்டர் என்று வையுங்கள். சென்ட்டுக்கு ஐந்து நிமிஷம் ஆகிறது.

இந்த அளவு மெஷின் சராசரியாக 400 வாட் இழுப்பதாக எடுத்துக்கொண்டால் 144 வாட் அவர் பேட்டரி இருபது நிமிஷம் தாங்கும். நான்கு சென்ட் முடிந்துவிடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மொத்தமாக எழுந்து நிற்கிற ஈரப் புல்லை வெட்டும்போது மோட்டார் திணறி இரண்டு மடங்குகூட இழுக்கலாம். அப்போது அதே பேட்டரியில் இரண்டு சென்ட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. வாங்கும்போது மழைக்காலக் கணக்கை வைத்துத்தான் வாங்க வேண்டும். இரண்டு சென்ட் லானுக்கு 144 வாட் அவர் போதும். நான்கு சென்ட் என்றால் அதே அளவில் இன்னொரு செட் இருக்கட்டும். பத்து சென்ட்டுக்குக் கோடையிலேயே 330 வாட் அவர் தேவைப்படும் என்பதால் 46 செ.மீ. அல்லது அதற்கு மேல் அகலமுள்ள மெஷினையும் பெரிய பேட்டரியையும் பார்க்க வேண்டும்.

இரண்டு பேட்டரி போடும் மெஷின் என்றால் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: இரண்டும் சேர்ந்து வேலை செய்யுமா, ஒன்று தீர்ந்த பிறகு மற்றது ஓடுமா? இரண்டு 18 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 36 வோல்ட் ஆக்கும் மெஷின்களில், ஒன்று தீர்ந்தாலும் மெஷின் நின்றுவிடும். அவற்றுக்கு மாற்றுப் பேட்டரி என்றால் ஒன்று வாங்கிப் பயனில்லை, ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒரே திறனுள்ள, ஒரே வயதுள்ள ஜோடியாகவும் இருக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் மெஷினில் இந்தத் தொல்லை கிடையாது.

வீட்டில் ஏற்கெனவே பேட்டரி டிரில்லிங் மெஷின் இருந்தால் அது எந்தக் கம்பெனி, எந்த வரிசை என்று பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மக்கீட்டா, பாஷ், ஸ்டீல் போன்ற கம்பெனிகள் ஒரே பேட்டரியில் பல கருவிகள் ஓடும்படி செய்கின்றன. பேட்டரி இல்லாமல் மெஷின் மட்டும் வாங்கினால் விலை கணிசமாகக் குறையும். சுவரோரப் புல்லை வெட்ட டிரிம்மர், வேலிச்செடியை வெட்டும் கருவி என்று பின்னால் வாங்கினாலும் அதே பேட்டரி உதவும். ஒரு கம்பெனிக்குள்ளேயே இரண்டு மூன்று வரிசைகள் இருக்கும், ஒன்றின் பேட்டரி மற்றதில் பொருந்தாது. அதையும் மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் மகனோ மருமகளோ வரும்போது வாங்கி வரட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விமானத்தில் 100 வாட் அவர் வரையிலான பேட்டரிக்குப் பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160க்கு மேல் பயணி கொண்டுவரவே முடியாது. தனியாக இருக்கும் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்கலாம், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கும் சார்ஜர்கள் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை. நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் புகைந்துபோகும். இங்கே சர்வீஸும் உதிரிபாகமும் கிடைக்காத மாடலை அவ்வளவு தூரம் சுமந்து வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

நம் ஊரில் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது வெயில். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. வெட்டி முடித்த கையோடு கொதிக்கக் கொதிக்கச் சார்ஜில் போட்டால் நல்ல சார்ஜர் ஏற்க மறுக்கும். விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அது பழுதில்லை, பேட்டரி ஆறுவதற்காகக் காத்திருக்கிறது. நிழலில் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள். மெஷினைத் தகரக் கொட்டகையில் நிறுத்தலாம், பேட்டரியை அங்கே விடக் கூடாது. சித்திரை வெயிலில் அந்தக் கொட்டகைக்குள் ஏறும் சூடு பேட்டரியை ஓடாமலேயே கிழடாக்கிவிடும். வீட்டுக்குள் அலமாரியில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தப் போவதில்லை என்றால் முழுச் சார்ஜிலும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். பாதி இருந்தால் நல்லது.

பேட்டரிக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது நம் வீட்டில் என்ன புல் என்பது. நர்சரியில் பெர்முடா என்று சொல்லித் தருவது அருகம்புல் இனம். இரண்டரை முதல் நான்கு செ.மீ. உயரத்தில் வைத்தால் அடர்ந்து படரும். கொரியன் கிராஸ் என்பது ஜோய்சியா வகை. இலை விறைப்பாக இருக்கும், மொட்டைப் பிளேடுக்கு மசியாது. அகல இலையுள்ள பஃபலோ கிராஸுக்கு ஆறு செ.மீ.யாவது விட வேண்டும். ஆகவே மெஷினின் உயர அளவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். தாழ்ந்த அளவு 25 மி.மீ. அல்லது அதற்குக் கீழே, உயர்ந்த அளவு 70 மி.மீ. அளவில் இருந்தால் எந்தப் புல்லுக்கும் சரிப்படும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே லீவரில் உயரம் மாறுவது வசதி.

ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. மூன்று செ.மீ.யில் வைக்க விரும்பினால் நாலரை செ.மீ. வளர்ந்ததும் வெட்டிவிட வேண்டும். ஒரு மாதம் விட்டுவிட்டு ஒட்ட வெட்டினால் அடியில் இருக்கும் வெளிறிய தண்டு வெயில் பட்டுக் கருகும். பேட்டரி பாதி வழியில் தீர்ந்துபோவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வெட்டுகிறவருக்குச் சின்ன பேட்டரியே போதும்.

பிளேடு மழுங்கியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, வெட்டிய மறுநாள் காலையில் குனிந்து நாலைந்து புல் நுனிகளைப் பாருங்கள். கூரான பிளேடு என்றால் நுனி நேராக அறுந்து பச்சையாக இருக்கும். மழுங்கியது என்றால் நுனி நார் நாராகக் கிழிந்து பழுப்பு நிறத்தில் காய்ந்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் லான் முழுக்க வாடியதுபோல் தெரியும். தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து மோட்டாரைப் போட்டுவிடுவோம். மழுங்கிய பிளேடு பேட்டரியையும் வேகமாகக் குடிக்கும். அரம் வைத்து இரண்டு முனையையும் ஒரே அளவில் தேய்த்துவிட்டு, நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். எடை சமமில்லாத பிளேடு மெஷினையே உதறவைக்கும்.

பிளேடில் கை வைப்பதற்கு முன் பாதுகாப்புச் சாவியையும் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் மெஷின் போலச் சத்தம் போட்டு எச்சரிக்கும் எஞ்சின் இதில் இல்லை. அணைந்த மாதிரி இருக்கும், கைப்பிடியில் ஒரு அழுத்து பட்டால் சுழலும். கைப்பிடியை விட்டதும் மூன்று விநாடிக்குள் பிளேடு நிற்கிறதா என்பதைக் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மற்றவை சில்லறை விஷயங்கள். பிரஷ் இல்லாத மோட்டாருக்குக் கூடுதல் விலை தரலாம், பேட்டரி நீடிக்கும். கடலோர ஊர்களில் இரும்புக் கூட்டைவிடப் பிளாஸ்டிக் கூடு மேல், துருப் பிடிக்காது. தானாக நகரும் வசதி ஐந்து சென்ட் சமதளத்துக்குத் தேவையில்லை, அது பேட்டரியைத்தான் தின்னும். வெட்டிய புல்லைப் பொடியாக்கித் தரையிலேயே தூவும் மல்ச்சிங் வசதி இருந்தால் விடாதீர்கள். அந்தப் புல்லில் உள்ள தழைச்சத்து மண்ணுக்கே திரும்பும், உரச்செலவு குறையும்.

ஒரு சென்ட்டுக்கும் குறைவான லான் வைத்திருப்பவர் பேட்டரி மெஷினே வாங்க வேண்டியதில்லை. கையால் தள்ளும் உருளைப் புல்வெட்டி போதும். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங், துணி ஆலையில் கம்பளித் துணியின் பிசிறை வெட்டும் எந்திரத்தைப் பார்த்து 1830இல் செய்தது அது. கத்தரிக்கோல் போல இரண்டு விளிம்புக்கு நடுவே புல்லை நறுக்குவதால் வெட்டு மிகச் சுத்தமாக இருக்கும். புல் உயர்ந்துவிட்டால் மட்டும் அது மடக்கிவிட்டுப் போய்விடும்.

பில் போடும் முன் கடைக்காரரிடம் மாற்றுப் பேட்டரியின் விலையையும், அது இப்போதே கையிருப்பில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இனிமேல்தான் வரும் என்று பதில் வந்தால் வேறு மெஷினைப் பாருங்கள். தேய்ந்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரித்தவர், இறக்குமதி செய்தவர் பொறுப்பு. வாங்கிய கடையிலோ அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.