வெல் ஆத்தா மரமும் அது பரவும் விதமும்

அன்னமுன்னாவை அறியாத கமக்காரர் இலர். ஆயினும், அதே இனத்தைச் சேர்ந்த மரமொன்று சதுப்பு நிலங்களையும் கைவிடப்பட்ட வயல்களையும் கவர்ந்துகொள்ளும் களையாக மாறியிருப்பதைப் பலர் அறியார். சிங்களத்தில் இது வெல் ஆத்தா எனப்படும். வெல் என்பது வயலைக் குறிக்குஞ் சொல். கொழும்பை அடுத்த முத்துராஜவெலச் சதுப்பிலும், 1990 ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில அத்திடியப் பகுதியிலும் இம்மரம் அடர்ந்து நிற்கின்றது. பின்னைய இடத்தில் முன்பு நெல் விளைந்த தரைகளும் அதன் நிழலுக்குள் அகப்பட்டுள்ளன.

இதன் தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளும் மேற்கு ஆபிரிக்கக் கரையோரமுமாகும். நீர் தேங்கிய மண்ணிலும் வேர் அழுகாது நிற்பதால், நல்லின அன்னமுன்னாவை ஒட்டுவதற்கேற்ற ஒட்டுக்கட்டையாக இது மதிக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு 1912 இல் இந்நோக்கத்துடனேயே கொண்டுசெல்லப்பட்டது. இன்று அந்நாட்டு அரசாங்கம் இதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களைகளுள் ஒன்றாகக் கணித்துள்ளது. எக்குணத்துக்காக விரும்பி வளர்த்தார்களோ அக்குணமே தீமையாயிற்று.

இதன் பூவில் முதலிற் பெண்ணுறுப்பும், அதன் பின்னரே மகரந்தமும் முதிர்கின்றன. சிறு வண்டுகளே மகரந்தத்தைக் கொண்டுசெல்கின்றன. காய் வழுவழுப்பான தோலுடையது. பழுத்ததும் மஞ்சள் நிறமடைந்து உதிரும். ஒரு பழத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வித்துக்கள் இருக்கும்.

பழமும் மிதக்கும், வித்தும் மிதக்கும். இவ்வித்து நன்னீரிலும் உவர்நீரிலும் ஏறக்குறைய 12 மாதம் வரை மிதந்தும் முளைக்குந் திறனை முற்றாக இழப்பதில்லை. ஆகையால் மாரி வெள்ளம் வாய்க்காலை நிரப்பும்போது, மேலேயுள்ள ஒரு மரத்தின் வித்துக்கள் கீழேயுள்ள வயல்கள் பலவற்றிற் சென்று படிகின்றன. நீர் வடிந்ததும் நாற்றுமேடையிற் போல நெருக்கமாக முளைக்கின்றன. கடலேற்றம் உள்ள கழிமுகங்களில் நீர் இருபுறமும் ஓடுவதால், வித்தும் இருபுறமும் செல்லும். பழத்தைத் தின்னும் விலங்குகளும் துணைபுரிகின்றன. குயின்ஸ்லாந்தில் கசோவரி என்னும் பெரும் பறவையும் காட்டுப்பன்றியும் வித்தை நெடுந்தூரம் கொண்டுசெல்கின்றன.

விலங்கை நம்பிப் பரவும் மரத்துக்கு வேறோர் உதாரணமும் நம் நாட்டில் உண்டு. அம்பாந்தோட்டைக் கரையோரத்திற் பரந்துள்ள சீமைக் கருவேலின் இனிய நெற்றுக்களை மாடுகள் தின்கின்றன. வன்மையான வித்துச் சமிபாடடையாது சாணத்துடன் வெளியேறி, அச்சாணத்திலேயே முளைக்கின்றது. பசளையையும் தன்னுடன் கொண்டுவரும் வித்து என்றே சொல்லலாம்.

உழுது விதைக்கப்படும் வயலில் வெல் ஆத்தா நிலைகொள்வது அரிது. உழவு இளங்கன்றுகளை அழித்துவிடும். சில போகங்கள் தரிசாக விடப்பட்ட வயலே அதற்கு உகந்தது. அங்கு வளர்ந்த மரங்கள் காய்க்கத் தொடங்கியபின், தன் வயலை ஒழுங்காகச் செய்கைபண்ணும் அயற் கமக்காரரும் ஆண்டுதோறும் வரம்பிலும் வாய்க்காற் கரையிலும் கன்று பிடுங்க வேண்டியவராகிறார். குற்றம் ஒருவருடையது, வேலை மற்றவருடையது. எனவே ஒரே வாய்க்காலைப் பயன்படுத்துவோர் கூடி, மேற்புறத்தில் தொடங்கிக் கீழ்ப்புறம் நோக்கித் துப்புரவு செய்தலே பயன் தரும். கீழே தொடங்கினால் அடுத்த வெள்ளத்துடன் வேலை வீணாகும்.

நீர் வற்றிய காலத்தில் இளங்கன்றுகளை வேருடன் கையாற் பிடுங்கலாம். பெரிய மரத்தைத் தறித்துவிட்டால் மட்டும் போதாது. அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்கள் எழும். அவற்றைத் தோன்றுந்தோறும் வெட்டிவரல் வேண்டும், அல்லது கட்டையை வேருடன் அகற்றல் வேண்டும். காய்க்குமுன் தறிப்பது நன்று. காய்த்த மரமாயின், காய்களைப் பொறுக்கி வெள்ளம் எட்டாத மேட்டில் உலரவிட்டு எரிக்க வேண்டும். தறித்த கிளைகளைக் காய்களுடன் வாய்க்காலில் இழுத்துச் செல்லல் ஆகாது.