சமுதாயக் கல்லூரிகளும் சிறந்த மாணாக்கர்க்குச் செய்யும் சிறப்பும்

கலாசாலைகளில் ஆண்டுதோறும் நிகழும் விழாக்கள் பல. அவற்றுள், படிப்பை முடித்து வெளியேறும் மாணாக்கருட் சிறந்தாரைப் பாராட்டும் விழாவைப்போல் யாவர் உள்ளத்தையும் மகிழ்விப்பது பிறிதொன்றில்லை. ஆயினும், எவரைச் சிறந்தாரெனக் கொள்வது என்னும் வினாவை அவ்விழாவில் எவரும் எழுப்புவதில்லை. மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டினால் விடை கிடைத்துவிடுமன்றோ என்று நாம் அமைந்துவிடுகிறோம். அவ்விடை போதியதன்று என்பதை நன்கு புலப்படுத்துவன அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள சமுதாயக் கல்லூரிகள். ஆதலின், அவற்றின் வரலாற்றையும், அவை சிறந்த மாணாக்கர்க்குச் சிறப்புச் செய்யும் முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

1901-ஆம் ஆண்டில், இல்லினாய் மாகாணத்து ஜோலியட் நகரில், ஆறே மாணாக்கருடன் ஒரு சிறு கல்லூரி தொடங்கப்பெற்றது. சிக்காகோ சர்வகலாசாலைத் தலைவராயிருந்த வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் என்பாரும், ஜோலியட் உயர்தரப் பாடசாலையின் பொறுப்பை வகித்த ஸ்டான்லி பிரௌன் என்பாரும் இதற்குக் காரணர். சர்வகலாசாலையின் நான்காண்டுப் படிப்பில் முதலிரண்டு ஆண்டுகளை மாணாக்கர் தம் ஊரிலேயே பயிலலாம் என்பது அவர்கள் கருத்து. இத்தகையவை முதலில் ஜூனியர் கல்லூரிகள் எனப்பட்டன. ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழுவினர் 1947-இல் தம் அறிக்கையில் இவற்றைச் சமுதாயக் கல்லூரிகள் என்று வழங்கியபின் அப்பெயர் எங்கும் பரவிற்று. இன்று அந்நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் சமுதாயக் கல்லூரிகள் உள்ளன.

இக்கல்லூரிகளின் வாயில் பெரும்பாலும் யாவர்க்கும் திறந்தே இருக்கும், கட்டணமும் குறைவு. பள்ளியினின்று நேரே வந்த இளைஞரோடு, பகலெல்லாம் தொழிற்சாலையில் உழைத்தவரும், குழந்தைகளை உறங்கச் செய்தபின் நூலைத் திறக்கும் தாய்மாரும், போர்ச்சேவை முடித்துத் திரும்பியவரும் ஒரே வகுப்பில் அமர்வர். இவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் பகுதிநேர மாணாக்கர் ஆவர்.

இங்கே ஒரு கணக்கைக் கவனித்தல் வேண்டும். இக்கல்லூரிகள் அளிக்கும் அசோசியேட் பட்டத்திற்குப் பொதுவாக 60 கிரெடிட்டுகள் வேண்டும். ஒரு பாடத்திற்கு வழக்கமாக 3 கிரெடிட்டுகள். பருவத்திற்கு 15 கிரெடிட்டுகள் பயில்பவர் நான்கு பருவங்களில், அதாவது இரண்டாண்டுகளில், பட்டம் பெறுவார். வேலைக்குச் சென்றுகொண்டு இரண்டே பாடங்கள் பயில்பவர்க்கோ பத்துப் பருவங்கள், அதாவது ஐந்தாண்டுகள், செல்லும். பாடம் ஒன்றே, பரீட்சை ஒன்றே, பட்டமும் ஒன்றே. வழியின் நீளம் மாத்திரம் வேறு.

இனிச் சிறப்புச் செய்யும் முறையை நோக்குவோம். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்றார் பெயர்களை டீன் பட்டியல் என்னும் பெயரால் வெளியிடுவது வழக்கம். பட்டமளிப்பு விழாவில் அத்தகையோர் அங்கியின்மேல் பொன்னிறக் கயிறணிந்து வருவதும் பல இடங்களில் உண்டு. இவையன்றி, பை தீட்டா காப்பா என்னும் கௌரவ சங்கம் ஒன்று உளது. மிசௌரி மாகாணத்துப் பெண்கள் ஜூனியர் கல்லூரித் தலைவர்கள் 1918-இல் இதனை நிறுவினர். ஞானம், உயர்வேட்கை, தூய்மை என்னும் பொருளுடைய மூன்று கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துக்களே இதன் பெயர். இச்சங்கத்தில் அங்கத்தினரானோர்க்குத் தனியே உபகாரச் சம்பளம் அளித்து ஏற்கும் சர்வகலாசாலைகள் பல. ஆகவே, இச்சிறப்பு வெறும் அலங்காரமன்று. ஏழை மாணாக்கர்க்கு மேற்படிப்பின் கதவைத் திறக்கும் திறவுகோலாகும்.

டீன் பட்டியலிலோ ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரே பருவத்தில் 12 கிரெடிட்டுகளேனும் பயின்றாலன்றி அப்பட்டியலிற் பெயர் சேராது என்பது பல கல்லூரிகளின் விதி. இரண்டு பாடங்கள் பயின்று இரண்டிலும் முதல்தரம் பெற்ற தாயொருத்தியின் பெயர், ஐந்தாண்டும் அவள் அவ்வாறே பயின்றாலும், அங்கே ஒருமுறையும் இடம்பெறாது. அவளை விலக்கவேண்டுமென்று எவரும் எண்ணினாரில்லை. முழுநேரமும் படிப்பிற்கே உரியவரான மாணாக்கரை மனத்திற்கொண்டு வகுத்த விதி, வேறு நிலையிலுள்ளார்மீதும் செல்லும்பொழுது விளையும் தீங்கு இது.

இதற்குப் பரிகாரம் அரியதன்று. பை தீட்டா காப்பா சங்கத்தில் சேர்வதற்கும் 12 கிரெடிட்டுகள் வேண்டும். ஆனால் அவை பல பருவங்களிற் சேர்ந்தனவாகவும் இருக்கலாம். சராசரித் தரம் மட்டும் பொதுவாக 4-க்கு 3.5 குறையாதிருத்தல் வேண்டும். சில கல்லூரிகள் பகுதிநேர மாணாக்கர்க்கெனத் தனிப்பட்டியலும் வெளியிடுகின்றன. இம்முறைகளிற் காலம் நெகிழ்கிறது, தரம் நெகிழவில்லை.

ஒருவர் படும் கஷ்டத்தையும் கணக்கிற் சேர்த்தால் சிறப்பு என்பது இரக்கமாய்த் தாழ்ந்துவிடாதோ என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இவ்வாட்சேபம் ஓரளவு நியாயமானதே. துன்பத்தை அளக்கும் கோல் எவரிடத்தும் இல்லை. ஒருவருடைய வறுமையை மேடையேற்றிக் காட்டுதல் அவரைச் சிறப்பிப்பதும் ஆகாது. நாம் வேண்டுவது அதுவன்று. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையைக் குறித்து நம் ஆண்டவர் கூறியது இரக்கவுரையன்று. அது சரியான கணக்கு. கொடுத்த தொகையோடு, எதனின்று கொடுத்தாள் என்பதையும் அவர் நோக்கினார். கல்லூரியும், மாணாக்கர் பெற்ற தரத்தைச் சற்றும் குறைக்காமல், அவர்கள் எவ்வளவு நேரத்தினின்று அதனைப் பெற்றனர் என்பதை நோக்குதல் தகும்.

பரிசுப் பட்டியலின் விதிகளைப் பெரியதொரு காரியமாக எவரும் எண்ணுவதில்லை. எனினும், எவரைத் தன் மாணாக்கர் என்று ஒரு கலாசாலை மெய்யாகவே கருதுகிறது என்பதை மேடைப் பிரசங்கங்களினும் அவ்விதிகளே தெளிவாய்க் கூறும். எக்கலாசாலையாயினும், தன் விழாநாளுக்கு முன் அவ்விதிகளை ஒருமுறை எடுத்து வாசித்து, அவற்றாற் புறத்தே நிறுத்தப்பட்டார் யாவரென ஆராய்வது நலம். முதலில் வந்தாரைப் பாராட்டுவோம். நெடுவழி நடந்து அதே இடத்தை வந்தடைந்தாரையும் அவரோடு ஒரே வரிசையில் நிறுத்திப் பாராட்டுவோமாக.