வெள்ளியா, ஈயமா?

தென் அமெரிக்காவில் கொலம்பியா என்று ஒரு நாடு. அங்கே மலைகளுக்கு நடுவே மெடலின் என்று ஒரு பெரிய நகரம். ஒரு காலத்தில் அந்த நகரத்தின் பெயரைக் கேட்டாலே மக்கள் பயந்தார்கள். காரணம் ஒரு மனிதன். அவன் பெயர் பாப்லோ எஸ்கோபார்.

அவன் 1949-ல் பிறந்தான். அப்பா விவசாயி. அம்மா பள்ளி ஆசிரியை. சீக்கிரம் பணக்காரன் ஆகவேண்டும் என்பது அவன் ஆசை. உழைத்துச் சேர்க்கப் பொறுமை இல்லை. கார் திருடினான். சிகரெட் கடத்தினான். பிறகு கோகெய்ன் கடத்தலில் இறங்கினான்.

கோகெய்ன் என்றால் என்ன?

கோக்கா என்பது ஒரு செடி. பெரு, பொலிவியா, கொலம்பியா நாடுகளின் மலைச்சரிவுகளில் வளரும். மலைமக்கள் வெகுகாலமாக அதன் இலையை மென்று வருகிறார்கள். களைப்பும் பசியும் தெரியாது. ஆனால் இலை வேறு, கோகெய்ன் வேறு. இலையோடு மண்ணெண்ணெய், அமிலம் போன்றவற்றைச் சேர்த்துச் சாற்றை இறக்குவார்கள். கடைசியில் கிடைப்பது வெள்ளைத் தூள். அதுதான் கோகெய்ன். பழகியவர்கள் அதை விடமுடியாமல் தவிப்பார்கள். இதயம் கெடும். உயிரும் போகும்.

இலை பறித்த விவசாயிக்குக் கிடைத்தது கொஞ்சம். கடத்தியவனுக்குக் கிடைத்தது கொள்ளைப் பணம். எஸ்கோபாரும் கூட்டாளிகளும் விமானங்களில் தூளை ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1987-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை உலகப் பெரும் பணக்காரர்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் அவன் பெயரும் இருந்தது.

ஒரு கை கொடுத்தது, மறு கை எடுத்தது

மெடலினில் குப்பைமேட்டில் குடியிருந்த ஏழைகளுக்கு எஸ்கோபார் வீடு கட்டிக் கொடுத்தான். கால்பந்து மைதானங்களுக்கு விளக்குப் போட்டான். பலர் அவனை வள்ளல் என்றார்கள். 1982-ல் நாடாளுமன்றத்துக்கு மாற்று உறுப்பினராகவும் ஆனான்.

ஆனால் அதே ஏழைத் தெருக்களின் பையன்களிடம்தான் அவன் துப்பாக்கியையும் கொடுத்தான். காசுக்குக் கொலை செய்ய அனுப்பினான். அவர்களில் பலர் இளம் வயதிலேயே செத்தார்கள்.

அதிகாரிகளிடம் அவன் ஆட்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். வெள்ளியா, ஈயமா? வெள்ளி என்றால் லஞ்சப் பணம். ஈயம் என்றால் துப்பாக்கிக் குண்டு.

ஒரு பழைய செய்தி

எல்லோரும் வெள்ளியை வாங்கிக்கொள்ளவில்லை. ரோட்ரிகோ லாரா என்பவர் நீதி அமைச்சராக இருந்தார். அவர் 1983-ல் எஸ்கோபாரைக் கடத்தல்காரன் என்று வெளிப்படையாகச் சொன்னார். எஸ்கோபார் மறுத்தான். "நான் நேர்மையான வியாபாரி" என்பது போலப் பேசினான்.

கியர்மோ கானோ ஒரு நாளிதழின் ஆசிரியர். அவர் பழைய இதழ்களைத் தேடினார். 1976-ல் எஸ்கோபார் போதைப்பொருளோடு பிடிபட்ட செய்தி கிடைத்தது. அதைத் திரும்ப அச்சிட்டார். மெடலினில் அந்த நாளிதழை மொத்தமாக வாங்கி மறைக்கப் பார்த்தார்கள் எஸ்கோபாரின் ஆட்கள். முடியவில்லை. நாடே படித்தது. எஸ்கோபாரின் அரசியல் வாழ்வு முடிந்தது.

பழி வாங்கினான். 1984-ல் லாரா சுட்டுக் கொல்லப்பட்டார். 1986-ல் கானோ கொல்லப்பட்டார். 1989-ல் அந்த நாளிதழின் அலுவலகத்தில் குண்டு வெடித்தது. ஆனாலும் மறுநாள் நாளிதழ் வெளிவந்தது. அதே ஆண்டு ஒரு பயணிகள் விமானத்தில் குண்டு வெடித்தது. அதில் இருந்த 107 பேரும் இறந்தார்கள்.

வீழ்ச்சி

எஸ்கோபார் ஒன்றுக்கு மட்டும் பயந்தான். பிடிபட்டால் அமெரிக்கச் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அது. 1991-ல் அப்படி அனுப்பக் கூடாது என்று கொலம்பியாவில் புதிய சட்டம் வந்தது. உடனே சரணடைந்தான். அவனுக்கென்றே ஒரு சொகுசுச் சிறை. அங்கிருந்தே தொழிலை நடத்தினான். வேறு சிறைக்கு மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 1992-ல் தப்பினான்.

பிறகு ஓட்டம்தான். கோடிக்கணக்கில் பணம் இருந்தது. ஓர் இரவு நிம்மதியாகத் தூங்க இடம் இல்லை. 1993 டிசம்பர் 2 அன்று மகனோடு போனில் பேசினான். போலீசார் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். கூரை மேல் ஏறி ஓடினான். அங்கேயே குண்டடிபட்டு இறந்தான். முதல் நாள்தான் அவனுக்கு 44 வயது முடிந்திருந்தது.

அவன் இறந்ததும் கடத்தல் நின்றதா? இல்லை. வேறு கூட்டங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. வாங்குகிறவன் இருக்கும்வரை விற்கிறவனும் இருப்பான்.

எஸ்கோபார் குடும்பத்தோடு வாழ்ந்த மாடிக் கட்டடத்தை 2019-ல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு பூங்கா. கொல்லப்பட்டவர்களின் நினைவாக அது இருக்கிறது. கானோவின் பெயரில் 1997 முதல் உலகப் பத்திரிகையாளர்களுக்கு ஐ.நா.வின் யுனெஸ்கோ அமைப்பு விருது கொடுக்கிறது.

பேசிப் பாருங்கள்

1. வீடு கட்டிக் கொடுத்தவனை ஏழைகள் வள்ளல் என்றார்கள். அந்த வீட்டுக்கு விலை கொடுத்தது யார்?

2. ஒரு பழைய செய்திக்கு எஸ்கோபார் ஏன் அவ்வளவு பயந்தான்?