கதவினுள் ஒரு கணக்கன்

காரின் கண்ணாடியை ஏற்றப் பொத்தானை அழுத்துகிறோம், மோட்டார் சுழல்கிறது. முற்காலத்து வண்டிகளில் அப்பொத்தான் வழியாகவே மின்சாரம் மோட்டாரைச் சென்றடைந்தது. இன்றைய கார்கள் பலவற்றிலோ பொத்தான் விண்ணப்பம் போடுவதோடு சரி. அதனை ஏற்பதும் மறுப்பதும் கதவினுள் மறைந்திருக்கும் ஒரு சிறு மின்னணுப் பெட்டியின் அதிகாரம். பூட்டும், பின்புறம் காட்டும் ஆடியும்கூட அதன் ஆட்சிக்கு உட்பட்டவையே.

இத்தனைக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் கீலருகே அவை பெருங்கற்றையாய்த் திரண்டுவிடும். ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தார் 1986-இல் வெளியிட்ட ‘கான்’ முறையில், இரண்டே கம்பிகளில் பல பெட்டிகள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன.

பெட்டியின் திறமை எண்ணுவதில் இருக்கிறது. மோட்டார்த் தண்டில் ஒரு காந்த வளையம். அது சுழலுந்தோறும் அருகிலுள்ள உணர்கருவி துடிப்புகளை அனுப்புகிறது. அவற்றை எண்ணியே கண்ணாடி எவ்வளவு ஏறியது என்பதைப் பெட்டி அறிகிறது. குழந்தையின் கை இடையே அகப்பட்டால் சுழற்சி தளரும். துடிப்புகளின் இடைவெளி நீளும். உடனே கண்ணாடி கீழிறங்கும். தானே ஏறி மூடும் கண்ணாடி, அதன் அழுத்தம் 100 நியூட்டனை, அதாவது ஏறக்குறைய 10 கிலோ எடையை, மீறுமுன் திரும்பிவிட வேண்டுமென்பது ஐரோப்பிய விதி.

ஆனால், நம் நாட்டில் விற்கும் கார்கள் பலவற்றில் இக்காவல் ஓட்டுநரின் கண்ணாடிக்கு மட்டுமே உண்டு. குழந்தைகள் அமர்வதோ பின்னிருக்கையில்! பாட்டரியைக் கழற்றி மாட்டினால் சில வண்டிகளில் அக்கணக்கும் மறந்துபோகும். மீண்டும் கற்பிக்கும் முறை வண்டியின் கையேட்டில் இருக்கும். ஓட்டுநர் கதவிலுள்ள தடைப் பொத்தானை அழுத்தினால் பின்கதவுகளின் விண்ணப்பங்கள் செல்லா. ஓட்டுநர் தாமே ஏற்றுவதைப் பல வண்டிகளில் அது தடுப்பதில்லை.