நிலத்தின் விலைக்கு முன் மண்ணின் கதையைக் கேளுங்கள்

2019 மார்ச்சில், மலேசியாவின் ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து நச்சுவாயு கிளம்பியது. பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி, வாந்தியெடுத்து, மயங்கி விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த நஞ்சுக்கு நாற்றம் இருந்ததால் ஊர் விழித்துக்கொண்டது. மண்ணுக்குள் இறங்கிய நஞ்சோ பல ஆண்டுகள் வாய் திறக்காமல் கிடக்கும்.

பாசிர் கூடாங், தம்போய், லார்க்கின் போன்ற பகுதிகளில் பல பத்தாண்டுகளாகத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. ஓர் ஆலை மூடப்பட்டால் இயந்திரங்கள் ஏலம் போகும். கூரைத் தகரம் பழைய இரும்புக்குப் போகும். தரைக்குள் கசிந்தது மட்டும் அங்கேயே தங்கிவிடும். அதே இடத்தில் நாளை கடையோ வீடோ பாலர் பள்ளியோ வரலாம்.

ஆபத்து எந்த வழியில் வருகிறது?

பேட்டரி, உலோகப் பூச்சுத் தொழில்கள் விட்டுப்போகும் ஈயம் போன்ற உலோகங்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் ஒட்டிக்கொள்கின்றன. மண்ணில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கும் குழந்தைக்கே முதல் பாதிப்பு. டீசல், பெட்ரோல் நிலத்தடி நீரின்மேல் மிதந்து பக்கத்து மனைக்கும் பரவும். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்படும் குளோரின் கலந்த கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனமானவை. ஆழத்துக்கு இறங்கி, பிறகு ஆவியாகித் தரை விரிசல் வழியே அறைக்குள் வரும். நஞ்சு இருப்பது மட்டுமே ஆபத்தாகிவிடாது. அது மனிதரை வந்தடைய வழி இருக்கிறதா என்பதுதான் மதிப்பீட்டின் அடிப்படைக் கேள்வி.

மதிப்பீடு நடக்கும் முறை

மாசுபட்ட நிலங்களுக்காகச் சுற்றுச்சூழல் துறை 2009இல் மூன்று வழிகாட்டிகளை வெளியிட்டது. முதற்கட்ட மாசு வரம்புகள், மதிப்பீடும் அறிக்கையும், சீரமைப்பு ஆகியவற்றை அவை விளக்குகின்றன. அவை வழிகாட்டிகள்தான், சட்டம் அல்ல. ஆகவே மதிப்பீட்டைக் கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

முதல் கட்டத்தில் யாரும் மண்வெட்டியைத் தொடுவதில்லை. அங்கே என்ன தயாரித்தார்கள், எண்ணெய்த் தொட்டி எங்கே புதைந்திருந்தது, கழிவை எங்கே அடுக்கினார்கள் என்று பழைய வரைபடம், வான்படம், முன்னாள் தொழிலாளர்களின் நினைவு ஆகியவற்றிலிருந்து திரட்டுவார்கள். இரண்டாம் கட்டத்தில் சந்தேகப் புள்ளிகளில் துளையிட்டு, பல ஆழங்களில் மண்ணும் நிலத்தடி நீரும் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நான்கு மூலை மண்ணைக் கலந்து ஒரே பையில் போட்டால் ஆவியாகும் இரசாயனம் பறந்துவிடும்; மோசமான இடமும் சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும். மாசு வரம்பைத் தாண்டினால் மூன்றாம் கட்டமாக, அங்கே வாழப்போகிறவர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்கிட்டு, தேவையானால் சீரமைப்பார்கள்.

‘சுத்தம் செய்தாகிவிட்டது’ என்ற சொல்லோடு நிற்காதீர்கள். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரச மண்ணுக்கு, கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று இலக்கு வைத்தார்கள். அது போதாது என்று சூழல் ஆர்வலர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். எந்த அளவுக்கு, எந்தப் பயன்பாட்டுக்குச் சுத்தம் என்று கேளுங்கள். தொழிற்சாலைக்குப் போதுமான அளவு குடியிருப்புக்குப் போதாது.

கையெழுத்துக்கு முன்

நிலத்தின் கிராண்ட் (உரிமைப் பத்திரம்) விவசாயம், கட்டடம், தொழில் என எந்த வகையைக் காட்டுகிறது, அது எப்போது மாறியது என்று நில அலுவலகத்தில் பாருங்கள். மண் அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். மாசு தெரியவந்தால் ஒப்பந்தத்தை விட்டு விலகவும், சீரமைப்புச் செலவை விற்பவரே ஏற்கவும் வழக்கறிஞர் மூலம் விதி எழுதிக்கொள்ளுங்கள். பட்டறையை வாடகைக்கு எடுப்பவர்கள் நுழையும்போதே மண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இல்லையென்றால் காலி செய்யும்போது முந்தையவர் விட்டுப்போன கறையும் உங்கள் கணக்கில் ஏறக்கூடும்.

பாதிப்பு தெரிந்தால்

விசித்திர நாற்றமோ நிறம் மாறிய மண்ணோ கண்டால் நீங்களே தோண்டாதீர்கள். தேதியோடு படம் எடுத்து, சுற்றுச்சூழல் துறையின் 1-800-88-2727 எண்ணிலும் நகராண்மைக் கழகத்திலும் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். உடல்நலக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் சந்தேகத்தைச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் மண்ணை மாசுபடுத்துவதைத் தடுக்கிறது. 2024 திருத்தத்துக்குப் பின் அபராதம் 1 கோடி ரிங்கிட் வரை போகலாம். இரசாயனம் கொட்டி மாசுபட்டு, அப்புறப்படுத்தப்படும் மண்ணும் பட்டியலிடப்பட்ட கழிவுதான். சாதாரணக் குப்பைமேட்டுக்கு லாரியில் ஏற்ற முடியாது.

இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டு காலவரம்பு. மறைந்திருந்த சேதம் அதன்பின் தெரியவந்தால், கவனக்குறைவு வழக்கில் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் மொத்தம் 15 ஆண்டைத் தாண்டக்கூடாது. 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இச்சலுகை உடல்நலப் பாதிப்புக்குப் பொருந்தாது. அரசு அமைப்புமீது வழக்கென்றால் 36 மாதம்தான். எனவே சந்தேகம் வந்த உடனே, வசதியில்லாதவர்கள் சட்ட உதவித் துறையை அல்லது வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகுங்கள்.

பரிசோதனைச் செலவு யார் தலையில் என்பதைப் பேரம் பேசலாம். பரிசோதனையே வேண்டாம் என்பவரிடம் பேரம் பேச ஒன்றுமில்லை.