கல்யாணப் பத்திரிகை ‘இன்ஸ்டால்’ செய்யச் சொல்கிறதா? தொடாதீர்கள்!

நான்கு முனையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைப் பெருமாளுக்கு வைத்துவிட்டுத்தான் ஊரை அழைக்க ஆரம்பிப்பார்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். இப்போது உத்திர வீதியிலிருந்து உறையூருக்கும் தில்லைநகருக்கும் பத்திரிகை வாட்ஸ்அப்பிலும் போகிறது. மோசடிக்காரர்கள் நுழைவதும் இதே வழியில்தான்.

வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் என்ற பெயரில் வரும் ஏ.பி.கே ஃபைலைத் திறக்க வேண்டாம் என்று 2024 நவம்பரில் இமாசலப் பிரதேச போலீஸார் எச்சரித்தார்கள். டிராஃபிக் அபராத சலான், பேங்க் கே.ஒய்.சி என்ற பெயர்களிலும் இதே வலை விரிக்கப்படுகிறது.

வாலைப் பாருங்கள்

ஃபைல் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள்தான் அதன் வால். அது என்ன வகை ஃபைல் என்பதை அந்த வால்தான் சொல்லும்.

* ஜே.பி.ஜி, பி.என்.ஜி: படங்கள்.
* ஹெச்.இ.ஐ.சி: ஐபோனில் எடுத்த போட்டோ. பழைய போனில் திறக்காவிட்டால், ஜே.பி.ஜி-யாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.
* பி.டி.எஃப்: படிக்கும் ஆவணம். உள்ளே இருக்கும் லிங்க்குகளை மட்டும் யோசிக்காமல் தொடாதீர்கள்.
* ஜிப்: பல ஃபைல்களைக் கட்டிய மூட்டை. உள்ளே எதுவும் இருக்கலாம்.
* ஏ.பி.கே: ஆண்ட்ராய்டு ஆப்.
* எக்ஸ்.இ: விண்டோஸ் கம்ப்யூட்டரில் இயங்கும் புரோகிராம்.

‘இன்விடேஷன் டாட் பி.டி.எஃப் டாட் ஏ.பி.கே’ என்று இரண்டு வால் இருந்தால், கடைசி வால்தான் கணக்கு. 2000 மே மாதம் உலகையே உலுக்கிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் செய்ததும் இந்தத் தந்திரத்தைத்தான். காதல் கடிதம் என்று வந்த அந்த ஃபைலின் கடைசி வாலை விண்டோஸ் மறைத்துவிட, சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் என்று நம்பிப் பலரும் திறந்துவிட்டார்கள்.

தொட்டால் என்ன ஆகும்?

ஏ.பி.கே ஃபைல் போனுக்கு வந்துவிட்டதாலேயே ஆபத்து இல்லை. அதை இன்ஸ்டால் செய்தால்தான் வேலையைக் காட்டும். அதற்கு முன், தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப்பை அனுமதிக்கலாமா என்று ஆண்ட்ராய்டு கேட்கும். அதுதான் கடைசிக் கதவு. அதைத் திறந்து, எஸ்.எம்.எஸ் படிக்கவும் அனுமதி கொடுத்துவிட்டால், பேங்க் அனுப்பும் ஓ.டி.பி நேராக மோசடிக்காரர் கைக்குப் போய்விடும்.

தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்தது என்றும் நம்பிவிட முடியாது. அவருடைய வாட்ஸ்அப்பையே மோசடிக்காரர்கள் பிடித்திருக்கலாம். அவருக்கு ஒரு போன் போட்டு, “நீங்கதான் அனுப்பினீங்களா?” என்று கேட்டுவிடுவது நல்லது. ஆப் வேண்டுமென்றால் பிளே ஸ்டோருக்குப் போங்கள்.

சந்தேகமான ஃபைலை ‘வைரஸ் டோட்டல்’ தளத்தில் இலவசமாகச் சோதிக்கலாம். ஆனால், அங்கே ஏற்றும் ஃபைல் மற்றவர்கள் பார்வைக்கும் போகக்கூடும். ஆதார், பேங்க் ஆவணங்களை ஏற்றக் கூடாது.

தொட்டுவிட்டால்?

முதலில் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து பேங்கை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். சைபர்கிரைம் டாட் ஜி.ஓ.வி டாட் இன் தளத்திலும் புகார் தரலாம். சீக்கிரம் சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பிறகு அந்த ஆப்பை நீக்கி, பாஸ்வேர்டுகளை வேறு போனில் மாற்றுங்கள். ஆப்பை நீக்க முடியாவிட்டால் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள்.

பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, ஸ்ரீரங்கத்து வீட்டில் தனியாக இருக்கும் அப்பா அம்மா, “சொன்னால் திட்டுவார்களே” என்று மறைத்துவிடக் கூடும். அப்படித் தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் மோசடிக்காரருக்குத்தான் லாபம். அதனால் பிள்ளைகளே, “எது வந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்க, திட்ட மாட்டோம்” என்று இன்றைக்கே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

அழைப்பிதழ் என்றால் படிக்கத்தான் வேண்டும். இன்ஸ்டால் செய்யச் சொன்னால், அது அழைப்பிதழே அல்ல!